நீல வாண்டா என்று வந்த செடி: இருபது மாதம் வளர்த்த பிறகு சொல்கிறேன்

1,850 ரூபாய். கூரியருக்குத் தனியாக 180. நீல வாண்டா என்கிற ஆர்க்கிட் செடியைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில், இன்ஸ்டாகிராமில் செடி விற்கும் ஒரு பக்கத்தில் வாங்கினேன். பக்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வாசகத்தைப் போட்டு இதே செடியை விற்கிறவர்கள் ஒரு டஜனாவது இருப்பார்கள், எவரிடம் வாங்கினாலும் நான் சொல்லப்போவது பொருந்தும். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 'ரேர் ஒயில்டு புளூ வாண்டா. மேகாலயா காட்டுச் செடி. அழிந்துவரும் இனம். ஒன்று வாங்கி வளர்த்தால் ஓர் இனத்தைக் காப்பாற்றிய புண்ணியம்.' கூடவே ஒரு படம், சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த வேட்டி மாதிரி.

புண்ணியம் என்ற சொல்லில்தான் விழுந்தேன். பூச்செடி வாங்கினோம் என்றால் வீட்டில் 'இன்னொண்ணா?' என்று கேட்பார்கள், இனத்தைக் காப்பாற்றினோம் என்றால் கேட்கமாட்டார்கள் இல்லையா. உடனே ஜிபே செய்துவிட்டேன்.

பார்சலைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. கோவைக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியின் நாலு பக்கமும் காற்றுத் துளை, உள்ளே செய்தித்தாள் சுற்றி, வேர் ஒடியாமல் இருக்க இடைவெளி எல்லாம் தெர்மாகோல் துண்டுகள். செடி ஒரு சாண் உயரம், ஒன்பது இலை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று விசிறி மடிப்பாக. தேங்காய்த் தொட்டி அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் மண் இல்லை, நார் இல்லை, ஒரு கரித்துண்டுகூட இல்லை. கூடை ஓட்டைகள் வழியாக ஆறேழு வேர்கள் பென்சில் கனத்தில் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, ரெண்டாயிரம் வாங்கிட்டு வேரை மட்டும் அனுப்பியிருக்கானா? மண்ணு பின்னாடி வருதா?" என்று கேட்டார்.

மண் வராது. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற செடி இது. வேரைச் சுற்றி சாம்பல் வெள்ளையில் ஸ்பாஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும். வாளித் தண்ணீரில் முக்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் அந்த வெள்ளை மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும், கண்ணெதிரே நடக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புல்லுருவியா?" என்றார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வாண்டா என்ற பெயரே மரத்தின் மேல் வளரும் செடிகளைக் குறிக்கிற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்ததுதான், புல்லுருவிக்கும் அங்கே அதே சொல்தான். ஆனால் இது மரத்திடம் உட்கார இடம் மட்டும்தான் கேட்கும், ரத்தம் குடிக்காது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர் மாமரத்திலேயே ஒரு வாண்டா உண்டு, பழுப்பில் கட்டம் போட்ட பூ. சின்ன வயதில் பறித்துக் காதில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறோம், அதற்குப் பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செடி வந்த மூன்றாம் நாள், கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் என் தோழிக்குப் பெருமையாக போட்டோ அனுப்பினேன், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து. அவள் பாராட்டவில்லை. "அவன் சொல்றது நிஜம்னா நீ இப்ப குற்றவாளிடி" என்று பதில் வந்தது.

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கும் யானைக்கும்தான் என்று உங்களில் பலரைப் போல நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1991இல் அதைத் திருத்தியபோது தாவரங்களுக்கும் ஓர் அட்டவணை சேர்த்தார்கள், அப்போது மொத்தமே ஆறு வரி: ஆந்திராவின் பெட்டோம் சைக்கஸ், மேகாலயாவின் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி, மருந்துக் கடையில் கேட்கிற கோஷ்டம், ஸ்லிப்பர் ஆர்க்கிட்கள், சிவப்பு வாண்டா, பிறகு நீல வாண்டா. 2022 திருத்தத்தில் அட்டவணையின் எண் மாறியது, பாதுகாப்பு போகவில்லை. காட்டிலிருந்து பிடுங்குவது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். வளர்த்து வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். அதாவது நான் புண்ணியம் என்று வாங்கியது, விளம்பரத்தின்படி பார்த்தால், புலித்தோலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அன்றைக்கு ராத்திரி பால்கனியில் தொங்குகிற செடியைத் துணி போட்டு மூடி வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள். நிஜமாகவே மூடினேன்.

மறுநாள் தோழி நேரில் வந்தாள், போலீஸ் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பார்த்த இடங்களை எழுதுகிறேன், ஆர்க்கிட் வாங்குகிற எல்லாருக்கும் இது உதவும். முதலில் வேர். காட்டிலிருந்து பிய்த்த செடி என்றால் பழைய வேர்கள் பாதியில் அறுந்திருக்கும், அறுந்த வேரின் ஒரு பக்கம் பட்டையாக நசுங்கி, மரப்பட்டைச் சில்லு ஒட்டியிருக்கும், ஏனென்றால் கிளையோடு பசை போட்ட மாதிரி ஒட்டி வளர்ந்ததைக் கத்தியால் நெம்பித்தான் எடுக்க முடியும். என்னுடையதில் வேர்கள் எல்லாம் உருண்டை, கூடையைச் சுற்றி வளைந்து போயிருந்தன, அந்தக் கூடையிலேயே வருஷக்கணக்கில் இருந்த செடி. அடுத்தது இலை. காட்டில் வளர்ந்த இலையில் பூச்சி கடித்த வடு, வெயில் சுட்ட தழும்பு, பாசிப் படலம் ஏதாவது இருக்கும். இது பள்ளிக்கூடத்தில் முதல் நாள் யூனிஃபார்ம் மாதிரி இருந்தது. கடைசியாக, கூடையின் அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சீட்டு. ஏதோ எழுத்து, ஏதோ எண். தாய்லாந்து எழுத்து.

"தாய்லாந்துச் சரக்கு. லேப்ல வளர்த்த கலப்பினமா இருக்கும். கவலைப்படாதே, உன்னை ஏமாத்திட்டான்" என்றாள். ஏமாற்றப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் கோவை மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பூத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் காத்திருந்தேன். போன வருஷம் முழுக்க இலைதான். இந்த வருஷம் சித்திரையில் இலை இடுக்கில் பச்சையாக ஒரு மொக்கு முட்டிக்கொண்டு வந்தது, முதலில் வேர் என்றே நினைத்தேன், நுனி மூக்கு வைத்த மாதிரி இருந்ததால் ஸ்பைக், அதாவது பூந்தண்டு, என்று தெரிந்தது. வைகாசிக் கடைசியில் ஏழு பூ. உள்ளங்கை அகலம், தட்டையாக, இதழோடு இதழ் ஒட்டி இடைவெளியே இல்லாமல் வட்டம் அடித்த மாதிரி, ஊதா நிறத்தில் அடர்ந்த வலைப் பின்னல். அழகு என்றால் அழகு, பொய் சொல்லக் கூடாது. எதிர் ஃபிளாட்டில் இருக்கிற தாத்தா பைனாகுலர் எடுத்துவந்து பார்த்தார். நாலு வாரம் ஆகியும் ஒரு பூதான் வாடியிருக்கிறது.

ஆனால் காட்டு நீல வாண்டாவின் பூ இப்படி இருக்காது. அதற்கு வெளிர் நீலம், சில செடியில் வானத்தின் நிறம், சிலதில் கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்து, அபூர்வமாக வெள்ளை. இதழ்கள் அடியில் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், நடுவே இடைவெளி தெரியும். பூக்கும் பருவமும் வேறு, மழை ஓய்ந்த பிறகு ஐப்பசி கார்த்திகை வாக்கில். என் செடியின் தட்டை முகமும் வலைப்பின்னலும், பிலிப்பைன்ஸ் நாட்டு மின்டனாவோ தீவிலிருந்து வந்த வாண்டா சாண்டரியானாவின் ஜாடை. நீல வாண்டாவையும் அதையும் சேர்த்த முதல் பெரிய கலப்பு 1931இல் பதிவாகியிருக்கிறது, ராத்சைல்டியானா என்று பெயர். இன்றைக்கு நீலம் ஊதா என்று நர்சரிகளில் தொங்குகிற வாண்டாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்த பேரன் கொள்ளுப்பேரன்கள்தான். ஆகவே என்னிடம் இருப்பதில் மேகாலயாவின் காசி மலை ரத்தம் கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இங்கேதான் அந்தப் 'புண்ணியம்' வாசகத்தோடு எனக்குச் சண்டை. விற்றவர் சொன்னது முழுப்பொய், அது ஒரு பக்கம். அது பொய்யாக இல்லாமல், நிஜமான நீல வாண்டாவையே முறைப்படி லேபில் வளர்த்து விற்றிருந்தால்கூட, அதை வாங்கி பால்கனியில் தொங்கவிட்டால் இனம் காப்பாற்றப்படுகிறதா? எனக்கும் இது புரிய ஒரு வருஷம் ஆனது.

ஒரு வாண்டா காய்க்குள் லட்சக்கணக்கில் விதை இருக்கும். விதை என்று கூடச் சொல்ல முடியாது, முகப்பவுடர் மாதிரி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். நெல்லோ தேங்காயோ பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்புகிறது, ஆர்க்கிட் வெறுங்கையோடு அனுப்புகிறது. காற்றில் போய் ஏதோ ஒரு கிளையில் விழுந்து, அந்தப் பட்டையில் அதற்குத் தோதான பூஞ்சை இருந்து, அந்தப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்ஸன் என்ற அமெரிக்கர், பூஞ்சையே வேண்டாம், சர்க்கரையும் உப்புகளும் சேர்த்த அகார் என்ற கடற்பாசி ஜெல்லி மேல் தூவினாலே முளைக்கும் என்று காட்டினார். அப்புறம் 1960இல் பிரான்சில் ழோர்ஷ் மொரேல், தண்டு நுனியிலிருந்து ஒரு பொட்டுத் திசுவை எடுத்து அச்சு அசலாகப் பல செடிகள் ஆக்கலாம் என்று காட்டினார். ஒரு காலத்தில் பிரபுக்கள் மட்டும் வைத்திருந்த ஆர்க்கிட் இன்றைக்கு கோவைப் பால்கனிக்கு 1,850 ரூபாயில் வருவது இந்த இரண்டு பேரால்தான். நீல வாண்டாவும் அப்படித்தான், தாய்லாந்தில் மட்டும் எண்ணி முடியாது. அவ்வளவு பெருகியதால், அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருந்த அதை 2004இல் பாங்காக் கூட்டத்தில் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். வளர்ப்புச் செடி கொட்டிக் கிடக்கும்போது காட்டுச் செடியை யார் தேடப் போகிறார்கள் என்பது கணக்கு.

கணக்கு சரிதான், ஓரளவுக்கு. ஆனால் லட்சம் செடி இருந்தாலும் அத்தனையும் ஒரு காயில் வந்தவை என்றால் அப்பா ஒருவர், அம்மா ஒருவர். திசு வளர்ப்பு என்றால் அதுவும் இல்லை, ஒரே ஆளின் லட்சம் ஜெராக்ஸ். நர்சரிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வட்டமாக, தட்டையாக, கருநீலமாக இருப்பதை. முறுக்கிய இதழ் குறை என்று குப்பைக்குப் போகும், வெளிர் நிறம் விலை போகாது. நாலைந்து தலைமுறை இப்படிப் பொறுக்கினால் பூ பெரிதாகும், மரபு வகை சுருங்கும். குப்பைக்குப் போன அந்த முறுக்கிதழ்ச் செடியில் வறட்சி தாங்குகிற குணமோ ஒரு நோயை எதிர்க்கிற குணமோ இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போயிருக்கும். பூ மட்டும் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வாழை போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரஸ்தாளிக்கு வாடல் நோய் வந்தால் என்ன ஆகும்? எல்லாம் கன்று வழி வந்தவை, ஒரே செடியின் துண்டுகள். ஒன்றை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்குத் தோட்டம் முழுவதையும் வீழ்த்தத் தெரியும். எங்கள் மாமா ரஸ்தாளியை விட்டுவிட்டுத் தென்னைக்குப் போனது அதனால்தான்.

காட்டில் நிலைமை எப்படி என்றால், இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஷில்லாங்கில் இருக்கும் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நீல வாண்டாவின் டிஎன்ஏவைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். ஒவ்வோர் இடத்துச் செடிக் கூட்டத்துக்குள்ளேயே மரபு வேறுபாடு அதிகம் இருக்கிறது, கூட்டங்களுக்கு இடையே மரபணுப் போக்குவரத்தும் நன்றாக நடந்திருக்கிறது என்பது அதன் சாரம். முகப்பவுடர் விதை காற்றில் மலை தாண்டும் என்றால் ஆச்சரியம் இல்லைதான். தோழி இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அப்போ பிரச்சினை இல்லையே என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள்: வேறுபாடு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஒரே ஓக் மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இருக்கிற இரண்டு செடிகள்கூட வேறு வேறு ஆள். அதில் ஒன்றை நெம்பி எடுத்துக் கூரியரில் போட்டால், 'அதான் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே' என்று சமாதானம் சொல்ல முடியாது. எடுத்ததில் இருந்தது அதோடு போயிற்று. போகப் போக செடிகள் சிதறி, பத்து இங்கே ஐந்து அங்கே என்று ஆகிவிட்டால், அக்கா தங்கை மக்களுக்குள்ளேயே மணமுடித்து மணமுடித்துப் பலம் குறைந்துபோகும். இன்றைக்குச் சோதனையில் தெரிகிற வேறுபாடு நேற்றைய செழிப்பின் பாக்கி, நாளைக்கும் இருக்கும் என்பதற்கு அது ஜாமீன் இல்லை.

நெம்பி எடுப்பது இன்ஸ்டாகிராம் காலத்து வியாதியும் இல்லை. வில்லியம் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் 1837இல் காசி மலையில் இந்தச் செடியைக் கண்டார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1850இல், ஜோசப் ஹூக்கர் அங்கே போனார், பின்னாளில் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநரானவர். லெர்னாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓக் காட்டில் நீலக் கொத்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததை உருகி எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு என்ன செய்தார்? ஏழு ஆள் சுமை பறித்துக் கியூவுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். கூட வந்த தோட்டக்காரருக்கு இடம் காட்டிக் கொடுக்க, அவருடைய எஜமானர் ஒரு சுமை அனுப்பி, அரைகுறை உயிரோடு சேர்ந்த அதையே 300 பவுண்டுக்கு விற்றார். நமக்கு இன்றைக்கு வேதனையாக இருக்கிறது, அன்றைக்கு அது விஞ்ஞானம். செடியைக் கொண்டாடிய அதே கைதான் மூட்டையும் கட்டியது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த விளம்பர வாசகம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். அதற்கு மேல் காடழிப்பு, மலையில் சுட்டுப் பயிரிடுவது, கரிக்காக ஓக் வெட்டுவது. மரமே போனால் செடி எங்கே உட்காரும்.

அப்படியானால் காப்பாற்றுவது என்றால் என்ன என்று கேட்டால், எனக்குப் புரிந்த மட்டில்: ஒரே தாய் போதாது, அந்தந்த மலையின் பல செடிகளிலிருந்து விதை எடுக்க வேண்டும், தன் மகரந்தத்தைத் தனக்கே போடாமல் செடி மாற்றிப் போட வேண்டும், எது எங்கே இருந்து வந்தது என்று கணக்கு வைக்க வேண்டும். வளர்ந்த நாற்றைப் பழையபடி அதே மலை மரத்தில் கட்ட வேண்டும், அங்கே பூஞ்சை இருக்க வேண்டும், பூவைத் தேடி வரும் பூச்சி இருக்க வேண்டும், அடுத்த வருஷம் எவரும் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். என் பால்கனிச் செடிக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அதை யாராவது ஆர்வக் கோளாறில் மேகாலயாவில் கொண்டுபோய்க் கட்டினால், பக்கத்துக் காட்டுச் செடியோடு மகரந்தம் கலந்து இருக்கிறதையும் கெடுக்கும். எல்லாவற்றையும்விட ஒரு பழைய முறை காசி மலையில் இருக்கிறது. ஷில்லாங் பக்கம் மாவ்ஃப்லாங்கில் ஒரு புனிதக் காடு, உள்ளே போகலாம், பார்க்கலாம், ஓர் இலையைக் கூட வெளியே எடுத்துவரக் கூடாது. நம் ஊர்க் கோயில்காட்டில் சுள்ளி பொறுக்கினாலும் சாமி கண்ணைக் குத்தும் என்பார்களே, அதேதான். விளம்பரத்தில் புண்ணியம் என்று போட்டவர் ஒருமுறை அங்கே போய்விட்டு வரலாம்.

இனி செடியாகப் பார்த்தால் எப்படி, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. கலப்பினம் என்று தெரிந்து, கலப்பின விலைக்கு வாங்கினால் அருமையான செடி. இந்த அளவுச் செடி தாய்லாந்துக் கலப்பினம் என்று நேர்மையாகப் போட்டு 900, 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நான் கொடுத்த மீதி 850 ரூபாய் காட்டுக் கதைக்கான கூலி. கோவைச் சூட்டை இது தாங்குகிறது. அசல் நீல வாண்டா 1,000 மீட்டருக்கு மேலே குளிர் ராத்திரியில் வளர்ந்தது, இங்கே சமவெளியில் இருந்தால் முனகிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள் வளர்த்தவர்கள். கிழக்கு பால்கனியில் ஷேடு நெட்டுக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் வாளியில் பதினைந்து நிமிஷம் முக்கல், வெயில் காலத்தில் சாயங்காலம் இன்னொரு தெளிப்பு. முதல் மூன்று மாதம் போர்த் தண்ணீர் ஊற்றினேன், வேர் நுனியெல்லாம் உப்புப் பூத்துக் கறுத்துவிட்டது; சிறுவாணித் தண்ணீருக்கு மாற்றியதும் இரண்டு வாரத்தில் புதுசாகப் பச்சை நுனி. வாரம் ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கூடையைக் கம்பியோடு ஜிப் டை போட்டுக் கட்டுங்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை பறந்துபோய் வாஷிங் மெஷின் மேல் விழுந்தது.

பார்சலுக்கு ஐந்துக்கு நாலரை. செடிக்கு நாலு. விற்றவரின் பேச்சுக்குப் பூஜ்யம், அதற்குக் கீழே போடத் தளத்தில் வசதி இல்லை.

இன்னொன்று, இதே பக்கத்தில் மார்கழியில் வேறு சில ஆர்க்கிட்களின் வீடியோ போட்டிருந்தார். கூடை இல்லை, சாக்கில் கொட்டிய கீரைக்கட்டு மாதிரி குவியல். அறுந்த வேர், பாசி, ஒன்று விரல் நீளம் ஒன்று கை நீளம், சிலதில் மரக்கிளைத் துண்டே ஒட்டியிருந்தது. எனக்கு வந்தது பொய் என்றால், அது நிஜமான காட்டுச் சரக்கு. கிலோக் கணக்கில் விலை. இப்படிக் குவியலைப் பார்த்தால் விலை மலிவு என்று கை வைத்துவிடாதீர்கள்.

பூ வந்ததும் அவருக்குப் படம் அனுப்பி, இது காட்டுச் செடி இல்லை, கலப்பினம் என்று எழுதினேன். "அக்கா, சூப்பரா பூத்திருக்கு, உங்க கை ராசி" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது, காசைப் பற்றி ஒன்றும் இல்லை. போன வாரம் அவராகவே ஒரு படம் அனுப்பினார், சிவப்புப் பூக்கள் கிளை பிரித்துப் பூத்திருந்தன. "அக்கா, ரெட் வாண்டா, மணிப்பூர் ஒயில்டு, ரெண்டே பீஸ். உங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன்." அந்த ஆறு வரி அட்டவணையில் நீலத்துக்குத் துணையாக இருந்த அதே சிவப்பு. உரிமத்தின் நகல் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

நீல டிக் இரண்டும் விழுந்து ஐந்து நாள் ஆகிறது.